உங்களுக்குத் தெரியுமா? பழைய ரேஸ் சைக்கிளைப் பின்னாலிருந்து பாருங்கள்

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. எண்ணிக் காசு கொடுத்து வாங்கும் பழைய சைக்கிளைத் தாராளமாகப் பார்க்கலாம். ஜொகூர் பாருவோ மூவாரோ பத்து பகாட்டோ, பழைய இரும்பு ரேஸ் சைக்கிள் விற்கிறவர் முதலில் காட்டுவது முன்னால் ஒட்டியிருக்கும் பெயரைத்தான். வாங்குகிறவர் பின்னால் போய்க் குனிய வேண்டும். இந்த இதழின் துணுக்குகள் குனியத் தயாராக இருப்பவர்களுக்கு.

◆ ரேஸ் சைக்கிளின் தரத்தை அரை நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும் இடம், பின்சக்கரத்தின் அச்சு வந்து உட்காரும் இரும்பு நாக்கு. கடையில் 'டிராப்-அவுட்' என்பார்கள். மலிவான வண்டியில் அது தகட்டை வெட்டி எடுத்தது. மெல்லியதாக, முகம் தட்டையாக இருக்கும். குழாயின் முனையை நசுக்கி அதோடு பற்றவைத்திருப்பார்கள். நல்ல வண்டியில் அது காய்ச்சி அடித்து வடித்தது. கனமாக, ஓரங்கள் உருண்டு இருக்கும். கம்பாக்னோலோ, ஷிமானோ, சன்டூர் என்று செய்தவரின் பெயர் இரும்பிலேயே பதிந்திருக்கும். அச்சை நேராக நிறுத்த இரண்டு சின்னத் திருகுகளும் இருக்கலாம். இன்னொன்றையும் பாருங்கள்: பின் கியர் தொங்கும் காது அந்த நாக்கோடு ஒரே உடம்பாக இருக்கிறதா, தனித் தகடாகத் திருகி மாட்டியிருக்கிறதா? திருகி மாட்டியிருந்தால் அது பெரும்பாலும் தொடக்க நிலை வண்டி. மேலே எந்த இத்தாலியப் பெயர் மின்னினாலும் சரி, விலையைக் குறைத்துப் பேசலாம். ஸ்டிக்கர் தாள் தாளாக விற்கிறது. டிராப்-அவுட்டை மாற்ற வேண்டுமானால் வெல்டிங் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும். ஏமாற்றுகிறவர் அவ்வளவு சிரமப்பட மாட்டார்.

◆ 'ரெனால்ட்ஸ் 531' என்ற பச்சை, பொன்னிற ஸ்டிக்கரைக் கண்டால் விலை ஏறிவிடும். இரு முனையும் தடித்து நடுப்பகுதி மெலிந்த குழாய்க்கு பர்மிங்ஹாமின் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் காப்புரிமை வாங்கியது 1897-இல். மாங்கனீசும் மாலிப்டினமும் சேர்ந்த 531 உலோகம் வந்தது 1935-இல். பற்றவைக்கும் சூட்டைத் தாங்க முனையில் தடிமன், எடை குறைய நடுவில் மெலிவு: யோசனை அவ்வளவுதான். ஜாகுவார் இ-டைப் காரின் முன்பக்கச் சட்டமே 531 குழாயால் ஆனது என்றால் அதன் பெயருக்கு இருந்த மதிப்பு புரியும்.

ஆனால் ஸ்டிக்கரைப் பார்த்தால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும். குழாய்கள், போர்க், பின் தண்டுகள் எல்லாமே 531 என்று சொல்லும் ஸ்டிக்கர் உண்டு. மூன்று முக்கியக் குழாய்கள் மட்டும் 531 என்று சொல்வதும் உண்டு. 531-தான், ஆனால் தடிமன் முழுக்க ஒரே சீர் என்று சொல்வதும் உண்டு. மூன்றும் எட்டி நின்று பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். விலை ஒன்றல்ல.

◆ ஸ்டிக்கரே இல்லையா? சீட்டை உருவிப் பாருங்கள். சீட் தண்டில், உள்ளே போகும் பகுதியில், அதன் விட்டம் பொறித்திருக்கும். சாதாரண இரும்பு ரேஸ் வண்டியின் சீட் குழாய்க்கு வெளிவிட்டம் 28.6 மி.மீ. அதற்குள் 27.2 மி.மீ. தண்டு போகிறதென்றால் குழாயின் சுவர் மெல்லியது, நல்ல குழாய். 26.2 அல்லது அதற்கும் கீழே என்றால் சுவர் தடித்தது. ஆள் கனமான வண்டி. பிரெஞ்சு வண்டிக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே வெளிவிட்டம் 28.0 மி.மீ. என்பதால் முழு 531 பூஜோவிலும் 26.4 தண்டுதான் இருக்கும். இது தெரியாமல் நல்ல பூஜோவைக் கைநழுவ விட்டவர்களும் உண்டு.

தண்டு அசையவே இல்லையா? அதுவும் ஒரு தகவல்தான். அலுமினியத் தண்டும் இரும்புக் குழாயும் வியர்வையில் ஊறி வருடக்கணக்கில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது சர்வசாதாரணம். சில நேரம் ஊறும் எண்ணெயில் தீரும். சில நேரம் தண்டை அறுத்து, உள்ளே ரம்பம் விட்டுச் சுரண்ட வேண்டிவரும். "லேசா தட்டினா வந்திடும் அண்ணே" என்று விற்கிறவர் சொன்னால், அவரையே தட்டச் சொல்லுங்கள். வந்தால் வாங்கலாம்.

◆ மோதிய வண்டியைக் கண் காட்டாது, விரல் காட்டும். ஹேண்டில் நிற்கும் தலைக் குழாயிலிருந்து கீழ்நோக்கி ஓடும் குழாயின் அடிப்பக்கத்தில், மூட்டுக்கு இரண்டு விரல் தள்ளி, விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். மேல் பாரின் அடியிலும் அதே இடத்தில் தடவுங்கள். எதிலாவது நேராக இடித்த வண்டியில் குழாய் அங்கே சற்றே மடிந்து புடைத்திருக்கும். புதுப் பெயின்ட் அடித்தாலும் அந்தப் புடைப்பு போகாது. பெயின்ட்டில் குறுக்காக மயிரிழை வெடிப்பு இருந்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்து ஐந்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். தலைக் குழாயின் கோடு அப்படியே போர்க்கில் இறங்கி, அதன் பிறகுதான் முன்னால் வளைய வேண்டும். போர்க் பின்னோக்கித் தள்ளியிருந்தால் வண்டி ஏதோ ஒரு சுவரைப் பார்த்திருக்கிறது.

போர்க்கை நிமிர்த்தலாம், மாற்றவும் செய்யலாம். குழாய் மடிந்த பிரேம் சுவரில் மாட்ட அழகாக இருக்கும்.

◆ பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு முழ நூல் போதாது, நாலைந்து முழம் வேண்டும். பின்னால் ஒரு பக்க டிராப்-அவுட்டில் கட்டி, முன்னே கொண்டுபோய்த் தலைக் குழாயைச் சுற்றி, மறுபக்க டிராப்-அவுட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டும் சமம் என்றால் பின்பகுதி நேர். ஓரிரு மி.மீ. வித்தியாசம் பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் வண்டி எங்கோ விழுந்து வந்திருக்கிறது.

◆ ஷிமானோ பாகங்களின் வயது அவற்றின் முதுகில் இரண்டு ஆங்கில எழுத்தாக இருக்கிறது. முதல் எழுத்து ஆண்டு: 'ஏ' என்றால் 1976, 'பி' என்றால் 1977 என்று வரிசையாகப் போகும். இரண்டாவது எழுத்து மாதம்: 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர். ஆக 'ஜே-டி' என்றிருந்தால் 1985 ஏப்ரல். 26 எழுத்தும் தீர்ந்தபின் 2002-இல் மறுபடி 'ஏ' வந்துவிட்டது. அதனால் பாகத்தின் தோற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிராங்குக்குப் பின்புறமும் பின் கியரின் உட்பக்கமும் தேடுங்கள். பழைய கிரீஸைத் துடைக்கக் கையில் ஒரு துணி இருக்கட்டும்.

அதில் ஊர்ப் பெயரும் பேசும். ஜப்பானின் சக்காய் நகரில் 1921-இல் தொடங்கிய ஷிமானோ, 1973-இல் சிங்கப்பூரில் ஆலை திறந்தது. 1980-க்குப் பிறகுதான் பாலம் கடந்து நம் பக்கமும் வந்தது. பொந்தியான் மாவட்டத்துப் பெக்கான் நானாஸில், அன்னாசிக்குப் பேர்போன அதே ஊரில், ஷிமானோவின் ஆலை இருக்கிறது. "1980 ஒரிஜினல், ஒரு நட்டுகூட மாத்தலே" என்று சொல்லும் வண்டியில் மலேசியா என்று பொறித்த ஷிமானோ பாகம் இருந்தால், அந்த நட்டை மட்டுமாவது மாற்றியிருக்கிறார்கள்.

◆ கம்பாக்னோலோவின் நுவோவோ ரெக்கார்ட் பின் கியரில் 'பேட்டன்ட் 78' என்று பொறித்திருக்கும். காப்புரிமை வாங்கிய ஆண்டு என்று பலரும் நினைக்கிறார்கள். அது அந்தப் பாகம் செய்யப்பட்ட ஆண்டு. வண்டியின் வயதை ஊகிக்க இதைவிட நல்ல இடம் குறைவு. அதே கம்பெனியின் அந்தக் காலத்துக் கிராங்கில், கையும் பல்சக்கரத்தின் கால்களும் கூடும் மூலையில், கீறல் விழுவது பிரசித்தம். நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அந்தக் கிராங்கை மிதிக்க வேண்டாம்.

◆ 1942 ஜனவரியில் மூவாரையும் சிகாமட்டையும் தாண்டித் தெற்கே வந்த ஜப்பானியப் படையில் பெரும்பகுதி சைக்கிளில் வந்தது. ஒரு டிவிஷனுக்குச் சுமார் 6,000 சைக்கிள் என்று படையெடுப்பைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான மசனோபு சுஜி எழுதியிருக்கிறார். ஜனவரி 14 அன்று கெமாஸுக்கு அருகே கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியர் பதுங்கித் தாக்கியதும் சைக்கிளில் வந்த படை மீதுதான். போருக்கு முன்பே ஜப்பானிய மலிவு சைக்கிள்கள் மலாயாச் சந்தையில் நிறைந்திருந்ததால், வழியில் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. டயர் வெடித்தால் ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்களாம். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருகிறது என்று எதிரிகள் பயந்தார்கள் என்பது சுஜியின் பெருமை. ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷார் ஜொகூர் பாலத்தை வெடிவைத்துப் பிளந்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு "இது ஜப்பான்காரன் விட்டுட்டுப் போன சைக்கிள்" என்று யாராவது கியர் வைத்த வண்டியைக் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

◆ தோட்டத்தில் நம் தாத்தாமார் பால் வாளி கட்டிப் போனது ரேஸ் சைக்கிளில் அல்ல. கறுப்பு ராலேயிலும் ஹெர்குலிஸிலும்தான். அதுவும் இப்போது சேகரிப்பவர் கைக்குப் போகிறது. அதில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் இருந்தால், பின் ஹப்பின் மேலேயே பிறந்த தேதி இருக்கும். 'ஏ.டபிள்யூ.' என்ற எழுத்துக்கு அருகே '58 3' என்றால் 1958 மார்ச். சக்கரம் மாறியிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். ஹம்பரை ராலே வாங்கியது 1932-இல், ரட்ஜை 1943-இல். ஆகவே போருக்குப் பிந்திய ரட்ஜ் என்பது உள்ளங்கைச் சின்னம் போட்ட ராலே, நாட்டிங்ஹாம் சரக்கு. ஹெர்குலிஸ் என்றால் இன்னொரு கேள்வி. பர்மிங்ஹாம் ஹெர்குலிஸா, அம்பத்தூர் ஹெர்குலிஸா? முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னையை ஒட்டிய அம்பத்தூரில் அதே பெயரில் வண்டி செய்தது. முன்னால் உள்ள பித்தளைப் பட்டையில் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

◆ நாட்டிங்ஹாம் ராலேயின் பழைய வண்டிகளில் பெடல் அச்சு ஓடும் கூட்டின் மரை உலகத்தில் வேறு யாரும் போடாத மரை: அங்குலத்துக்கு 26. மற்ற ஆங்கிலேய வண்டிகளுக்கு 24. ஷோரூமில் கிடைக்கும் புதுப் பாகம் இதில் ஏறாது. இத்தாலிய வண்டியின் கூடு 36 மி.மீ. விட்டம், 70 மி.மீ. அகலம், இரண்டு பக்கமும் வலது மரை. அதனால் அச்சைத் தாங்கும் வலப்பக்கக் கப் மிதிக்க மிதிக்கத் தானே கழலப் பார்க்கும். பழைய பிரெஞ்சு வண்டிக்கு 35 மி.மீ. விட்டம். அதன் ஹேண்டில் தண்டு 22.0 மி.மீ.; மற்றவர்களுக்கு 22.2. அந்த 0.2 மி.மீட்டரில் எத்தனை பேர் வார இறுதியைத் தொலைத்திருக்கிறார்களோ! பூஜோ வாங்க ஆசைப்படுகிறவர் பெடல் அச்சும் தலை பேரிங்கும் நன்றாகச் சுழல்கின்றனவா என்று மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். கெட்டுப்போனால் மாற்றுப்பாகம் தேடுவது தனி உத்தியோகம்.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. மலாயாவின் சைக்கிள் வியாபாரம் பெரிதும் ஹெங்ஹுவா சீனர்கள் கையில் இருந்தது. சின்னப் பட்டணங்களில் அந்தப் பரம்பரைக் கடைகள் இன்னும் சில இருக்கின்றன. தவுக்கேயின் மேசை இழுப்பறையில் கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின்னும் பழைய அளவுக் குண்டுகளும் டப்பாவில் தூங்கிக்கொண்டிருக்கலாம். இணையத்தில் தேடுவதற்கு முன் ஒரு நடை போய்க் கேளுங்கள்; பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். வாயால் அளவு சொன்னால் அவர் நம்ப மாட்டார்.

◆ பின் அச்சின் அகலமே வண்டியின் காலத்தைச் சொல்லும். 120 மி.மீ. என்றால் ஐந்து பல்சக்கரக் காலம். 126 என்றால் ஆறு அல்லது ஏழு. 130 என்றால் எட்டும் அதற்குப் பிறகும். இரும்பு வளையும் என்பதால் 120-ஐ 126 ஆக விரிக்கிறார்கள். தெரிந்தவர் செய்தால் தவறில்லை. அலுமினியத்திலும் கார்பனிலும் இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

◆ இன்னும் வேகமாக வயது பார்க்க: கியர் கைப்பிடி கீழ்க் குழாயில் இருந்து, தடையின்றி வழுக்கினால் பெரும்பாலும் 1980-களின் நடுப்பகுதிக்கு முந்தியது. 'க்ளிக்' என்று நின்று நின்று நகர்ந்தால் 1984-இல் ஷிமானோ டியூரா-ஏஸில் கொண்டுவந்த முறை அல்லது அதன் வாரிசு. பிரேக் கேபிள் கைப்பிடியின் தலையிலிருந்து காற்றில் வளைந்து போனால் பழசு. ஹேண்டில் டேப்புக்குள் ஒளிந்து போனால் 1980-களின் நடுவிலிருந்து இந்தப் பக்கம். பிரேக் கைப்பிடியிலேயே கியர் இருந்தால் 1990-க்குப் பிறகு. இவை எல்லாம் மாற்றக்கூடிய பாகங்கள் என்பதால், பிரேமில் அதற்கான பொட்டு, வளையம், துளை எங்கே இருக்கின்றன என்பதையும் ஒத்துப் பாருங்கள். கேபிள் வழிகாட்டி எல்லாம் பட்டை போட்டுக் கட்டியதாக இருந்தால் பழைய பிரேம், அல்லது மலிவான பிரேம்.

◆ 27 அங்குலச் சக்கரம் 700சி சக்கரத்தைவிடப் பெரியது. டயர் உட்காரும் விளிம்பின் விட்டம் முன்னதற்கு 630 மி.மீ., பின்னதற்கு 622. ஒன்றின் டயர் மற்றதற்கு ஆகாது. 27 அங்குல வண்டியை 700சி-க்கு மாற்றினால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் கையில் அதற்கு இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

◆ பழைய வண்டியில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஜப்பானிய எழுத்தும் எண்ணும் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பிய்த்துவிட வேண்டாம். ஜப்பானில் சைக்கிள் திருட்டைத் தடுக்கப் போலீஸ் பதிவுக்கு ஒட்டுவது அது. 1994 முதல் அங்கே கட்டாயம். பழைய சாமான் கன்டெய்னரில் நம் நாட்டுக்கு வந்த வண்டி என்று அதை வைத்துச் சொல்லலாம். ஜப்பானிய வண்டி என்றால் ஏளனம் வேண்டாம். 1980-களின் மியாட்டா, பானாசோனிக், ஃபூஜி, பிரிட்ஜ்ஸ்டோன் வண்டிகளின் மூட்டு வேலை சுத்தம். டாங்கே, இஷிவாட்டா குழாய்கள் ஐரோப்பியக் குழாய்களுக்கு இளைத்தவை அல்ல. 1985-க்குப் பிறகு யென் மதிப்பு ஏறி, ஏற்றுமதி விலை கட்டுப்படியாகாமல் தயாரிப்பு தைவானுக்கு நகர்ந்தது. இத்தாலியப் பெயருக்குக் கொடுக்கும் காசில் பாதிக்கு நல்ல ஜப்பானிய வண்டி கிடைத்தால் நான் யோசிக்கவே மாட்டேன்.

'என்.ஜே.எஸ்.' என்ற முத்திரை பிரேமிலும் பாகங்களிலும் இருந்தால் அது ஜப்பானின் கெய்ரின் பந்தயத்துக்கு அங்கீகாரம் பெற்றது. 1948-இல் கொகூராவில் தொடங்கிய பந்தயம் அது. பணம் கட்டி ஆடுவது என்பதால் எல்லோருக்கும் சமமான இரும்பு வண்டி என்பது விதி. அருமையான பிரேம்தான். ஆனால் பந்தயத் தளத்துக்குச் செய்தது. பின் பிரேக்குக்குத் துளை இருக்காது, கியர் காதும் இருக்காது. ஜாலான் துன் அப்துல் ரசாக் நெரிசலுக்கு அது ஆகாது.

◆ பிரேக் என்றதும் ஒன்று. ஒற்றைக் கியர் 'ஃபிக்ஸி' மோகத்தில் நல்ல பழைய பிரேம்கள் பல அறுபட்டன. கியர் காதை ரம்பம் போட்டு அறுத்து, கேபிள் வளையங்களை அரைத்துத் தள்ளி, மேலே பவுடர் பெயின்ட் அடித்துவிடுவார்கள். பெயின்ட்டுக்குக் கீழே சின்னச் சின்ன மேடு தட்டுப்பட்டால் அதுதான். பிரேக் இல்லாத வண்டியை எந்த விலைக்கும் அப்படியே சாலையில் இறக்காதீர்கள். 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாமில், மாற்றியமைத்த சைக்கிள்களில் கூட்டமாகப் போன பதின்வயதுப் பையன்களில் 8 பேர் கார் மோதி இறந்தார்கள். அந்தச் செய்தியை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

◆ துருவில் இரண்டு சாதி. மேலே செம்மண் நிறத்தில் பொடிபோலப் படிந்தது தேய்த்தால் போகும். விலை பேச உதவும், அவ்வளவுதான். பெயின்ட்டுக்குள் கொப்புளம் கட்டியிருப்பதுதான் ஆபத்து. குழாய் உள்ளேயிருந்து அரித்து வந்திருக்கலாம். பெடல் அச்சுக் கூட்டின் அடிவயிற்றைப் பாருங்கள். சீட் குழாய் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் கடைசியில் வந்து தங்கும் இடம் அது. செயின் பக்கத்துப் பின் தண்டின் அடியையும், மேல் பாரில் வியர்வை சொட்டும் இடத்தையும் அடுத்துப் பாருங்கள். பொந்தியான், மெர்சிங் போன்ற கடலோர ஊர் வண்டி என்றால் உப்புக்காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் போதும்: குழாய் நெடுக நகர்த்திப் போகும்போது ஓரிடத்தில் பிடி தளர்ந்தால் பெயின்ட்டுக்குக் கீழே இருப்பது இரும்பல்ல, நசுங்கலை மறைத்த பட்டி. இதையெல்லாம் பகலில் செய்யுங்கள். பாசார் மாலாம் விளக்கில் எல்லாப் பெயின்ட்டும் அழகுதான்.

◆ கொலம்பஸ் குழாயா என்று உறுதிப்படுத்த ஒரு குறுக்குவழி. முன்சக்கரத்தைக் கழற்றி, போர்க்கின் கழுத்துக்குள் கீழிருந்து விரலை விடுங்கள். மிலானின் அந்தக் கம்பெனி தன் எஸ்.எல்., எஸ்.பி. வகைகளுக்குக் கொடுத்த கழுத்துக் குழாய்களில் உள்ளே சுருள் வரிகள் ஓடும். விரலுக்குத் தட்டுப்பட்டால் பேசிய விலை நியாயமாக இருக்கலாம். விரலில் பழைய கிரீஸ் மட்டும் வந்தால் அது ஒன்றையும் நிரூபிக்காது.

◆ 1972-இல் மெக்சிகோவில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டியது இரும்பு வண்டியில். 1978 பாங்காக் ஆசிய விளையாட்டில் நம் இங் ஜூ ஙான் சாலைப் பந்தயத்தில் தங்கம் வாங்கியதும் இரும்பு கோலோச்சிய காலத்தில்தான். முருகையன் குமரேசன் மலேசியாவுக்காக ஓடிய 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில், பிரிட்டனின் கிறிஸ் போர்ட்மேன் லோட்டஸ் கம்பெனியின் கார்பன் வண்டியில் தங்கம் வென்றார். அதற்குப் பிறகு பந்தயக்காரர்கள் இரும்பை ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். நல்ல இரும்பு வண்டி பழைய சரக்காக நம் கைக்கு வருவது அதனால்தான்.

◆ எடை பார்க்கத் தராசு தேவையில்லை. நல்ல குழாயில் செய்த ரேஸ் வண்டி சுமார் 10 கிலோ. சாதாரண இரும்பு என்றால் 13, 14 கிலோ போகும். இரண்டையும் ஒருமுறை தூக்கிப் பார்த்தவருக்குக் கை மறக்காது.

◆ அளவு சரியில்லாத வண்டிக்கு மருந்தே கிடையாது. மேல் பாரின் குறுக்கே கால்போட்டு நின்றால் பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரலாவது இடம் வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த வண்டிகளில் பெரிய பிரேம் அதிகம், நம் ஆட்களுக்கு உயரம் குறைவு. "சீட்டை இறக்கிக்கலாம்" என்பார்கள். சீட்டை இறக்கலாம், பாரை இறக்க முடியாது.

◆ வரிசை எண் பெரும்பாலும் பெடல் அச்சுக் கூட்டின் அடியில் இருக்கும். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்க்க விற்கிறவர் மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். எண்ணை அரம் போட்டு அழித்திருந்தால் பேச்சே வேண்டாம், திருட்டு வண்டியாக இருக்கலாம். எண் இருந்தால் அதை எழுதி, தேதி போட்டு, கையெழுத்தோடு ஒரு ரசீது வாங்குங்கள். நோட்டுப் புத்தகத் தாளில் எழுதினாலும் ரசீதுதான்.

◆ பேரம் படியும் இடங்களும் படியாத இடங்களும் உண்டு. கிழிந்த ஹேண்டில் டேப், காய்ந்த டயர், இறுகிய கேபிள், தேய்ந்த பிரேக் கட்டை, வெடித்த சீட் தோல்: இவற்றைப் பார்த்து வாங்குகிறவர் முகம் சுளிப்பார், விற்கிறவர் விலையைக் குறைப்பார். உண்மையில் இவை எந்த வண்டிக்கும் வாங்கிய மறுநாளே மாற்ற வேண்டியவை. சில நூறு வெள்ளியில் முடியும். அதே நேரத்தில் மடிந்த குழாய், கவ்விய சீட் தண்டு, அறுந்த கியர் காது, கிடைக்காத பிரெஞ்சு மரை ஆகியவற்றை விற்கிறவர் "சின்ன வேலை" என்பார். பழைய அலுமினிய ஹேண்டிலையும் அதன் தண்டையும் மட்டும் இரண்டு பட்டியலிலும் சேர்க்க வேண்டாம். எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் டேப்பைக் கழற்றி, தண்டு கவ்வும் இடத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மிதிக்க வேண்டும். கீறல் இருந்தால் புதிது வாங்கி மாட்டுங்கள். பழையதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். பின்னால் விற்கும்போது "ஒரிஜினல் இருக்கிறது" என்று நீங்களும் சொல்லலாம்.